சேஜ் 11 ஸ்டார்ட்டர் தீம்: எடுக்கலாமா, எடுத்தா எங்கெல்லாம் முட்டும்

வேர்ட்பிரஸ்ல கஸ்டம் தீம் எழுதிக் குடுக்கிற வேலைல இருக்கவங்க ஏதோ ஒரு கட்டத்துல சேஜ் பேரைக் கேட்டிருப்பீங்க. ரூட்ஸ் டீம் வெளியிடுற ஸ்டார்ட்டர் தீம், எம்ஐடி லைசென்ஸ், காசு கிடையாது. 2025-ல வந்த 11-ஆம் வெர்ஷனை நான் கிளையன்ட் வேலைக்கே போட்டு ஓட்டிட்டு இருக்கேன், டெமோ மட்டும் பார்த்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல இது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, ரெண்டு மூணு பேர் சேர்ந்து வருஷக்கணக்குல பராமரிக்கப் போற சைட்டுக்கு இதை விட சுத்தமான ஆரம்பம் வேர்ட்பிரஸ்ல எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா வர்ற சைட்டுக்கெல்லாம் இதையே தூக்கிப் போடாதீங்க. நீங்க கைய எடுத்தப்புறம் அந்த சைட்டை யார் பார்த்துக்கப் போறாங்க, அவங்களுக்கு டெர்மினல்ல கமாண்ட் அடிக்கத் தெரியுமா, இதைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு விஷயம். ஸ்டார்ட்டர் தீம்ங்கிறது மார்க்கெட்ல விக்கிற ரெடிமேட் தீம் மாதிரி டிசைனோட வர்றது இல்ல. ஆக்டிவேட் பண்ணிப் பார்த்தா வெள்ளைப் பக்கத்துல வெறும் எழுத்துதான் இருக்கும், டிசைன் முழுக்க நீங்கதான் எழுதணும். சைல்ட் தீமும் போடக் கூடாது, நேரா இதுலயே கைய வச்சு மாத்தி உங்க சொந்தத் தீமா ஆக்கிக்கணும், ஒரு தடவை எடுத்துட்டா அதுக்கப்புறம் அது உங்க கோட். அப்டேட் பட்டனை அமுக்கினா புது வெர்ஷன் வந்துடும்னு எதிர்பார்க்காதீங்க, அப்டி ஒண்ணு இதுல இல்லவே இல்ல.

இதோட வரலாறைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா ஏன் சிலர் சேஜ்னாலே முகம் சுளிக்கிறாங்கன்னு புரியும். 2011-ல பென் வேர்ட் ஆரம்பிச்சப்ப இது ரூட்ஸ்ங்கிற பேர்லயே இருந்துச்சு, 2015-ல எட்டாவது வெர்ஷனோட சேஜ்னு பேர் மாறுச்சு. அந்த எட்டுல கல்ப்ங்கிற பில்ட் டூல் (நாம எழுதுற சிஎஸ்எஸ், ஜேஎஸை பிரவுசருக்கு ஏத்த ஃபைலா மாத்துற கருவி), பேக்கேஜ் இறக்க பவர் (Bower). 2018-ல வந்த ஒன்பதுல பில்ட் டூல் வெப்பேக், கூடவே லாரவெல்ங்கிற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கோட பிளேடு டெம்ப்ளேட். 2022-ல பத்து, அதுல பட்னு அவங்களே எழுதின பில்ட் டூல், லாரவெல்லை வேர்ட்பிரஸுக்குள்ள கொண்டு வர்ற ஏகார்ன். இப்போ பதினொண்ணுல பட் போயி வீட் (Vite) வந்திருக்கு, ரெடிமேட் சிஎஸ்எஸ் கிளாஸ்களைக் குடுக்கிற டெயில்விண்ட் 4 வந்திருக்கு. ஆக ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் பில்ட் டூல் மாறிட்டே இருக்கு, எட்டு கத்துக்கிட்டவனுக்கு ஒன்பது புதுசு, ஒன்பது தெரிஞ்சவனுக்கு பதினொண்ணு புதுசு. ஃபிரன்ட் எண்ட் உலகமே அந்த வருஷங்கள்ல இப்படித்தான் மாறுச்சு, அதனால அவங்களை மட்டும் குத்தம் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா பழைய சைட்டைப் பார்த்துக்கிறவனுக்கு வலி வலிதான்.

பழைய சேஜ் சைட் கைக்கு வந்தவங்களுக்கு இதைச் சொல்லணும். கல்ப் 3 இருக்கிற தீம்ல, பில்ட் டூலை ஓட்டுற நோட் (Node.js) 12-ஓ அதுக்கு மேலயோ வச்சு பில்ட் போட்டா "பிரைமார்டியல்ஸ் இஸ் நாட் டிஃபைண்ட்"னு ஒரு எரர் வந்து நிக்கும், உங்க கோட்ல ஒரு தப்பும் இருக்காது, கல்ப் 3 நம்பியிருக்கிற ஒரு பழைய பேக்கேஜ் புது நோட்ல ஓடாதுங்கிறதுதான் காரணம். ஒன்பதாவது வெர்ஷன் சைட்டுன்னா வேற ரெண்டு வரும். சாஸ் ஃபைலை சிஎஸ்எஸா மாத்துற நோட் சாஸ் பேக்கேஜ் உங்க நோட் வெர்ஷனை சப்போர்ட் பண்ணலன்னு சொல்லும், அது நோட் வெர்ஷனுக்கு ஏத்த மாதிரி கம்பைல் ஆகுற சமாச்சாரம், இப்போ கைவிடப்பட்ட பேக்கேஜும் கூட. நோட் 17-ஓ அதுக்கு மேலயோ போனா ஓபன் எஸ்எஸ்எல் எரர் வரும், பழைய வெப்பேக் ஹேஷ் போட எம்டி4 பயன்படுத்துது, ஓபன் எஸ்எஸ்எல் 3 அதை டீஃபால்ட்டா தூக்கிடுச்சு. லெகசி புரோவைடர் ஆப்ஷன் போட்டு ஓட்டுறதை விட நோட் வெர்ஷனை மாத்திக்க உதவுற என்விஎம் வச்சு பழைய நோட்டை இறக்கி அந்த ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டும் ஓட்டிட்டு, நேரம் கிடைக்கிறப்ப பில்ட் டூலை மாத்துறதுதான் நல்லது. இதனாலயே எந்தப் புது தீமை ஆரம்பிச்சாலும் முதல் நாளே நோட் வெர்ஷனை ஒரு ஃபைல்ல எழுதி வச்சு, எந்தப் பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு இருக்கிற லாக் ஃபைலையும் கிட்ல சேர்த்துடுவேன், சர்வர்ல இன்ஸ்டால் பண்றப்ப அந்த ஃபைலை அப்படியே பின்பற்றுற என்பிஎம் சிஐ மட்டும்தான். சாதா இன்ஸ்டால் போட்டா லாக் ஃபைலே மாறிடலாம், நாலு வருஷம் கழிச்சு அந்தத் தீமைத் திறக்கிறவன் உங்களை வாழ்த்தணும்னா இதைச் செய்ங்க.

சரி, பதினொண்ணுக்கு வருவோம். தினசரி வேலைல இது எப்படி இருக்குன்னா, சந்தோஷமா இருக்கு. டெவ் சர்வரை ஓட விட்டுட்டு சிஎஸ்எஸ்ல ஒரு கலரை மாத்தினா பக்கம் ரீலோட் ஆகாமயே மாறிடுது, பிளேடு ஃபைலைத் தொட்டா தானா ரீலோட் ஆகுது. வெப்பேக் காலத்துல சேவ் பண்ணிட்டு காத்திருந்தவங்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். பிளேடு டெம்ப்ளேட் எழுதுறதும் அப்படித்தான், ஒரு லேஅவுட் ஃபைல், அதை எல்லாப் பக்கமும் நீட்டிச்சுக்குது, ஹெடர் ஃபுட்டர் ரெண்டையும் ஒவ்வொரு டெம்ப்ளேட்லயும் கூப்பிட்டுட்டு இருக்க வேண்டாம்.

எனக்கு இதுல ரொம்பப் பெரிய விஷயமாத் தெரியிறது வியூ கம்போசர். வழக்கமான தீம்ல டெம்ப்ளேட்டுக்கு நடுவுல குவெரி இருக்கும், ஏசிஎஃப் பிளகினோட கஸ்டம் ஃபீல்டு எடுக்கிறது இருக்கும், இஃப் எல்ஸ் நாலு இருக்கும், அதுக்கு நடுவுல எச்டிஎம்எல் எங்கயோ ஒளிஞ்சிருக்கும். இங்க டேட்டா எடுக்கிற வேலையெல்லாம் ஆப் ஃபோல்டருக்குள்ள ஒரு கிளாஸ்ல போயிடுது, இந்தக் கிளாஸ் எந்த வியூவுக்குன்னு மேல ஒரு வரில சொல்லிடுறோம், பிளேடுல வெறும் வேரியபிள் மட்டும்தான். டிசைன் பக்கம் மட்டும் தெரிஞ்ச ஒரு பையனோ பொண்ணோ அந்த பிளேடு ஃபைலை பயப்படாம திறந்து வேலை பார்க்க முடியுது, எங்க டீம்ல அது நிஜமாவே நடக்குது.

ஒரே ஒரு இடத்துல எல்லாரும் தடுக்கி விழுவாங்க. பிளேடோட இரட்டைச் சுருள் அடைப்புக்குள்ள எதைப் போட்டாலும் அது எஸ்கேப் பண்ணித்தான், அதாவது எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தா மாத்தித்தான் காட்டும், ஆனா வேர்ட்பிரஸ் தலைப்புல இருக்கிற குறிகளை ஏற்கனவே என்டிட்டிங்கிற எச்டிஎம்எல் குறியீடா மாத்தித்தான் கையில குடுக்குது, ரெண்டும் சேர்ந்தா தலைப்புல ஒரு மேற்கோள் குறி வர்ற இடத்துல ஆம்பர்சேண்டும் ஹேஷும் 8217-ம் அப்படியே ஸ்கிரீன்ல நிக்கும். அதனாலதான் சேஜோட சொந்த ஃபைல்கள்லயே தலைப்பை எஸ்கேப் பண்ணாத ஆச்சரியக்குறி வடிவத்துல போட்டிருக்காங்க. அதைப் பார்த்துட்டு எல்லாத்துக்கும் ஆச்சரியக்குறி போட்டுடாதீங்க, சர்ச் பாக்ஸ்ல யூசர் டைப் பண்ணது, யூஆர்எல்ல இருந்து எடுக்கிறது, இதெல்லாம் எஸ்கேப் ஆகித்தான் போகணும், இல்லன்னா சைட்டுக்குள்ள யார் வேணா ஸ்கிரிப்ட் போட வழி திறந்து விட்டதா ஆயிடும்.

இப்போ பிரச்சனைகள். பதினொண்ணுல வர்ற தலைவலி பெரும்பாலும் ஒரே இடத்துலதான், வீட் செஞ்சு வைக்கிறதை பிஎச்பி எப்படி எடுத்துக்குதுங்கிற அந்தக் கைமாத்துல. அது எப்படி நடக்குதுன்னு ஒரு தடவை மனசுல பதிஞ்சுட்டா பாதி எரர் பார்த்த உடனே புரிஞ்சிடும், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பில்ட் போட்டா தீம் ஃபோல்டர்ல பப்ளிக், அதுக்குள்ள பில்ட்னு ஒரு ஃபோல்டர் உருவாகும். சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைல்களோட பேர்ல ஹேஷ் (உள்ளடக்கம் மாறினா மாறுற எழுத்துக் கோவை) ஒட்டி அதுல இருக்கும், கூடவே மேனிஃபெஸ்ட்னு ஒரு ஜேசான் ஃபைல், எந்த சோர்ஸ் ஃபைல் எந்த ஹேஷ் பேர்ல இருக்குங்கிற அட்டவணை. பிஎச்பி அந்த அட்டவணையைப் படிச்சுத்தான் லிங்க் போடுது. டெவ் சர்வர் ஓடுறப்ப கதையே வேற, பப்ளிக் ஃபோல்டர்ல ஹாட்னு எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு குட்டி ஃபைலை வீட் எழுதி வைக்கும், அதுக்குள்ள டெவ் சர்வரோட முகவரி மட்டும் இருக்கும், வழக்கமா லோக்கல்ஹோஸ்ட் 5173. பிஎச்பி முதல்ல ஹாட் இருக்கான்னு பார்க்கும், இருந்தா மேனிஃபெஸ்ட்டைத் தொடவே தொடாது, நேரா டெவ் சர்வருக்கு லிங்க் போட்டுடும்.

இதை வச்சு யோசிங்க. தீமை இப்பதான் குளோன் பண்ணீங்க, சைட்டைத் திறந்தா "வீட் மேனிஃபெஸ்ட் நாட் ஃபவுண்ட்"னு ஒரு பெரிய எரர் பக்கம். ஒண்ணும் இல்ல, பில்ட் போடல, அவ்வளவுதான். அதுக்கும் முன்னாடியே ஆட்டோலோடர் கிடைக்கல, கம்போசர் இன்ஸ்டால் போடுங்கன்னு வந்தா, பிஎச்பி பேக்கேஜ்களை இறக்குற கம்போசரை (வியூ கம்போசர் இல்ல) ஓட்டல, அதனால வெண்டர் ஃபோல்டர் இல்ல. "அனேபிள் டு லொகேட் ஃபைல் இன் வீட் மேனிஃபெஸ்ட்"னு ஒரு இமேஜ் பேரோட வந்தா அந்தப் படம் ரிசோர்சஸ் ஃபோல்டர்ல இருந்தும் அட்டவணைல ஏறல, ஆப் ஜேஎஸ் ஃபைல்ல இமேஜஸ், ஃபான்ட்ஸ் ரெண்டையும் மொத்தமா சேர்க்கிற குளோப் வரி இருக்கான்னு பாருங்க, யாராவது இது எதுக்குன்னு புரியாம அழிச்சிருப்பாங்க. வரி இருந்தும் வரலன்னா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்தைப் பாருங்க, விண்டோஸும் மேக்கும் கண்டுக்காது, லினக்ஸ் சர்வர் கண்டுக்கும்.

ஹாட் ஃபைல் விஷயத்தை ஒரு சம்பவத்தோட சொன்னாத்தான் மண்டைல ஏறும். ஒரு சைட் லைவ் போன சாயந்திரம் கிளையன்ட் போன் பண்றாரு, பக்கம் முழுக்க வெறும் எழுத்தா இருக்கு, மெனு எல்லாம் புள்ளி வச்சு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வருதுங்கிறாரு. நான் மொபைல்ல திறந்தேன், அதே தான். தீமை ஏத்தின தம்பிகிட்ட கேட்டா, "அண்ணா, எனக்கு நல்லா வருதுண்ணா, ஸ்கிரீன்ஷாட் அனுப்புறேன் பாருங்க"ன்னு அனுப்புறான், அதுல டிசைன் அழகா இருக்கு. கேஷா இருக்கும், பிரவுசரா இருக்கும், சிடிஎன்னா இருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க. "சோர்ஸைத் திறந்து சிஎஸ்எஸ் லிங்க் எங்க போகுதுன்னு படிடா"ன்னேன். "லோக்கல்ஹோஸ்ட் 5173-னு இருக்குண்ணா"ன்னான், சொல்லி முடிக்கிறப்பவே அவனுக்கும் புரிஞ்சிடுச்சு. டெவ் சர்வர் ஓடிட்டு இருக்கிறப்பவே ஃபோல்டரை ஜிப் பண்ணி எஃப்டிபில ஏத்தியிருக்கான், ஹாட் ஃபைலும் சேர்ந்து போயிடுச்சு. லைவ் சைட் எல்லாரோட பிரவுசரையும் அவங்கவங்க லோக்கல்ஹோஸ்ட்டுக்கு அனுப்புது, அவன் லேப்டாப்ல மட்டும் அங்க நிஜமாவே ஒரு சர்வர் ஓடிட்டு இருக்கு, அதனால அவனுக்கு மட்டும் டிசைன் வருது. ஹாட்டை டிலீட் பண்ணி பேஜ் கேஷை கிளியர் பண்ணதும் சரியாயிடுச்சு. கிட்ல பப்ளிக் ஃபோல்டர் இக்னோர்ல இருக்கிறதால கிட் வழியா டிப்ளாய் பண்றவங்களுக்கு இது வராது, ஜிப்பும் எஃப்டிபியும்தான் வழின்னா ஏத்துறதுக்கு முன்னாடி டெவ் சர்வரை நிறுத்திட்டு பில்ட் போட்டு, ஹாட் இல்லைன்னு கண்ணால பார்த்துட்டு ஏத்துங்க. லோக்கல்லயும் இது வரும், டெவ் சர்வர் கிராஷ் ஆகி ஹாட் மட்டும் மிச்சம் நின்னுடும், சிஎஸ்எஸ் எங்கயோ காணாம போன மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, இது ஹாட்டை விட நைசா வரும். சிஎஸ்எஸ் லோட் ஆகுது, லேஅவுட் சரியா இருக்கு, ஆனா ஃபான்ட் மட்டும் வரல, பேக்கிரவுண்ட் படம் மட்டும் வரல. வீட் கான்ஃபிக்ல பேஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல டீஃபால்ட்டா ஆப், தீம்ஸ், சேஜ்னு பாதை இருக்கும், அது வேர்ட்பிரஸ் ஃபோல்டர்களை வேற மாதிரி அடுக்குற, ரூட்ஸ் டீமோட பெட்ராக் அமைப்புக்கு ஏத்தது. சாதா வேர்ட்பிரஸ்ல அது டபிள்யூபி கன்டென்ட்ல ஆரம்பிக்கணும், தீம் ஃபோல்டருக்கு வேற பேர் வச்சிருந்தா அந்தப் பேர் வரணும். சிஎஸ்எஸ் ஃபைலோட முகவரியை பிஎச்பி கண்டுபிடிச்சுடுது, அதனால அது வந்துடும், ஆனா சிஎஸ்எஸுக்கு உள்ள இருக்கிற ஃபான்ட் முகவரியை பில்ட் போடுறப்பவே வீட் எழுதி முடிச்சிடுது, அது பேஸை வச்சுத்தான். நெட்வொர்க் டேப்ல 404 வாங்குற ஃபான்ட்டோட முழுப் பாதையைப் படிச்சாலே புரிஞ்சிடும். தமிழ் சைட்டுக்கு இது ரொம்ப முக்கியம், இங்கிலீஷ்னா ஃபான்ட் வரலைன்னாலும் சட்டுனு தெரியாது, தமிழ்ல மொபைலோட டீஃபால்ட் எழுத்து வந்து நின்னதும் டிசைன் முகமே மாறிடும்.

தமிழ்னதும் ஞாபகம் வருது, டெயில்விண்ட்ல தலைப்புக்கு வரி உயரத்தைக் குறைக்கிற லீடிங் நன், லீடிங் டைட் எல்லாம் போடுறது வழக்கம், லத்தீன் எழுத்துக்கு அழகா இருக்கும். தமிழ்ல கி, கீ மேல இருக்கிற வளைவும் கூ, மூ கீழ இறங்குற சுழியும் வெட்டுப்படும், முக்கியமா நீளமான வரியை வெட்டுற ட்ரங்கேட் சேர்த்துப் போட்ட கார்டு தலைப்புகள்ல. ஆப் சிஎஸ்எஸ்ல தீம் பகுதியிலயே தமிழுக்கு ஒரு தனி லைன் ஹைட் வேரியபிள் வச்சுட்டு அதையே எங்கயும் பயன்படுத்துங்க, ஒவ்வொரு கார்டாப் போயி சரி பண்ணிட்டு இருக்க வேண்டாம்.

டெயில்விண்ட் 4-ல கான்ஃபிக் ஜேஎஸ் ஃபைல் தேவையில்ல, எல்லாம் சிஎஸ்எஸ்லயே. எந்த ஃபோல்டர்ல கிளாஸ் தேடணும்னு சோர்ஸ் வரில சொல்றோம், வியூஸ் ஃபோல்டரும் ஆப் ஃபோல்டரும் ஏற்கனவே இருக்கும். அது ஃபைலை வெறும் எழுத்தாத்தான் படிக்குது, பிஎச்பியை ஓட்டிப் பார்க்கிறது இல்ல, அதனால பின்புலக் கலருக்கு பிஜின்னு (bg-) போட்டு நடுவுல வேரியபிள்ல கலர் பேரை ஒட்டினா அந்தக் கிளாஸ் உருவாகவே உருவாகாது. அட்மின்ல இருந்து கிளையன்ட் கலர் தேர்ந்தெடுக்கிற ஃபீல்டு வச்சிருக்கவங்க எல்லாரும் இதுல மாட்டுவாங்க. வியூ கம்போசர் கிளாஸ்ல பிஎச்பியோட மேட்ச் ஒண்ணு போட்டு முழு கிளாஸ் பேரையும் எழுதிடுங்க, ஆப் ஃபோல்டரும் ஸ்கேன் ஆகுறதால அது வேலை செய்யும். அப்புறம் பிரவுசர் விஷயம், டெயில்விண்ட் 4-க்கு சஃபாரி 16.4, குரோம் 111, ஃபயர்ஃபாக்ஸ் 128 வேணும். உங்க சைட்டுக்கு வர்றவங்க நிறைய பேர் பழைய ஐபோன்லயோ அப்டேட் பண்ணாத ஆண்ட்ராய்டுலயோ வருவாங்கன்னா, முன்னாடியே அனலிட்டிக்ஸைப் பார்த்துட்டு முடிவெடுங்க, தீம் முடிச்சப்புறம் தெரிஞ்சா ரொம்பக் கஷ்டம். அந்த மாதிரி சைட்டுக்கு சேஜ்ல இருந்து டெயில்விண்ட்டைத் தூக்கிட்டு சாதா சிஎஸ்எஸ் எழுதலாம், வீட் அதுக்கும் வேலை செய்யும்.

பிளாக் எடிட்டர் பக்கம் நல்லா யோசிச்சு பண்ணியிருக்காங்க. டெயில்விண்ட்ல இருக்கிற கலர், ஃபான்ட், சைஸ் எல்லாத்தையும் எடுத்து பில்ட் போடுறப்ப எடிட்டர் செட்டிங் இருக்கிற தீம் ஜேசான் ஃபைலை தானா உருவாக்கிடுது, சிஎஸ்எஸ்ல ஒரு தடவை எழுதின கலர் எடிட்டர்லயும் வந்துடும். ஆனா இதனால ரெண்டு குழப்பம். தீம் ஃபோல்டரோட மேல்மட்டத்துல இருக்கிற தீம் ஜேசானைத் திருத்திட்டு எடிட்டர்ல மாறலையேன்னு நிப்பாங்க, வேர்ட்பிரஸ் படிக்கிறது பில்ட் ஃபோல்டருக்குள்ள இருக்கிறதை, மறுபடி பில்ட் போட்டாத்தான் மாறும். ரெண்டாவது, டெயில்விண்ட்டோட மொத்தக் கலரும் 200-க்கு மேல எடிட்டர் பேலட்ல வந்து குவிஞ்சிடும். நியூஸ் போடுற கிளையன்ட்டுக்கு அத்தனை கலரைக் காட்டினா ஒரே மாசத்துல சைட் திருவிழாப் பந்தல் ஆயிடும். சிஎஸ்எஸ்ல தீம் பகுதியில டீஃபால்ட் கலர் எல்லாத்தையும் இனிஷியல்னு அழிச்சுட்டு உங்க பிராண்ட் கலர் அஞ்சாறு மட்டும் வச்சுடுங்க, பேலட்டும் சுத்தமாயிடும்.

சிஓஆர்எஸ் எரர் (ஒரு சைட் வேற முகவரில இருந்து ஃபைல் எடுக்கிறதை பிரவுசர் தடுக்கிறது) பத்தியும் ரெண்டு வார்த்தை. 2025 ஜனவரில வீட் 6.0.9-ல பாதுகாப்புக்காக டெவ் சர்வர் யாருக்கெல்லாம் பதில் சொல்லும்ங்கிறதை இறுக்கிட்டாங்க, நல்ல மாற்றம்தான். உங்க லோக்கல் சைட் டொமைன் என்னன்னு ஆப் யூஆர்எல் (APP_URL) செட்டிங்ல சரியா குடுத்துட்டா பிரச்சனை இல்ல, குடுக்கலைன்னா கன்சோல் முழுக்க சிவப்பா ஓடும். டாக்கருக்குள்ள ஓட்டுறவங்க போர்ட்டையும் வெளிய திறந்து விடணும், ஹோஸ்ட்டையும் சொல்லணும்.

ஹோஸ்டிங் பத்திதான் எனக்கு உண்மையான தயக்கம். குறைஞ்சது பிஎச்பி 8.2 கட்டாயம். பிளேடு டெம்ப்ளேட் கம்பைல் ஆகி டபிள்யூபி கன்டென்ட்டுக்குள்ள கேஷ், ஏகார்ன்னு ஒரு ஃபோல்டர்ல போய் உக்காரும், அந்த ஃபோல்டர்ல எழுத வெப் சர்வருக்கு அனுமதி வேணும். சில ஹோஸ்ட்ல எஸ்எஸ்எச்ல நீங்க ஒரு யூசர், வெப் சர்வர் வேற யூசர், டெர்மினல்ல ஏகார்ன் கமாண்ட் ஓட்டினா உருவாகுற ஃபைல் உங்க பேர்ல இருக்கும், அப்புறம் சைட் அதை மாத்த முடியாம வெள்ளைப் பக்கம் காட்டும். வெள்ளைப் பக்கம்னா எல்லாரும் பிளகின் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க, முதல்ல அந்த கேஷ் ஃபோல்டரோட ஓனர் யாருன்னு பாருங்க. டிப்ளாய் முடிஞ்சதும் ஏகார்ன் ஆப்டிமைஸ் கமாண்ட், அதுக்கப்புறம் பேஜ் கேஷ் கிளியர், இந்த வரிசை மாறக் கூடாது. பேஜ் கேஷை கிளியர் பண்ணலைன்னா பழைய எச்டிஎம்எல் பழைய ஹேஷ் பேர்ல இருக்கிற சிஎஸ்எஸைத் தேடும், அந்த ஃபைல் இப்போ இருக்காது. அதே மாதிரி பிளேடு ஃபைலோட முகவரியை யாராவது பிரவுசர்ல நேரா அடிச்சா சோர்ஸ் கோட் அப்படியே தெரியும், பிளேடு குறிகள் அங்க கம்பைல் ஆகாது, எஞ்சின்எக்ஸ்லயோ அப்பாச்சிலயோ அந்த எக்ஸ்டென்ஷனை பிளாக் பண்ணுங்க, ரூட்ஸ் டாக்ஸ்லயே இதைச் சொல்லியிருக்காங்க, ஆனா நிறைய பேர் அந்தப் பக்கம் போறதே இல்ல.

பிளகின் மோதல் இன்னொரு நிஜமான சிக்கல். ஏகார்ன் கூட லாரவெல்லோட பேக்கேஜ்கள் ஒரு கூட்டமே வருது. வேர்ட்பிரஸ்ல ஒவ்வொரு பிளகினும் தன்னோட வெண்டர் ஃபோல்டரைத் தானே தூக்கிட்டு வருது, ரெண்டு பேர் ஒரே பேக்கேஜோட வேற வேற வெர்ஷனைக் கொண்டு வந்தா முதல்ல லோட் ஆனது ஜெயிக்கும், இன்னொண்ணு ஃபேட்டல் எரர் வரைக்கும் போகலாம். வேர்ட்பிரஸ் இதைப் பிரிச்சு வைக்காது. எரர் மெசேஜ்ல ஃபைல் பாதை எந்த பிளகின் ஃபோல்டரைக் காட்டுதுன்னு பார்த்தா யார்னு தெரிஞ்சிடும், ஆனா தீர்வு உங்க கைல இருக்காது, பிளகினை மாத்துறது, இல்ல அவங்க அப்டேட் விடுற வரைக்கும் காத்திருக்கிறது. நிறைய பெரிய பிளகின் ஓடுற சைட்டுன்னா தீம் எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லா பிளகினையும் போட்டு வெறும் சேஜை ஆக்டிவேட் பண்ணிப் பார்த்துடுங்க. வூகாமர்ஸ் இருந்தா அதோட டெம்ப்ளேட்டுக்கு பிளேடு தெரியாது, சேஜ் வூகாமர்ஸ்னு ஜெனெரோய்ங்கிறவங்க வெளியிடுற ஒரு பேக்கேஜ் இருக்கு, அதைச் சேர்த்தா வேலை ஆகும்.

இதெல்லாம் வேண்டாம்ங்கிறவங்களுக்கு என்ன வழி? ஆட்டோமேட்டிக் கம்பெனியோட அண்டர்ஸ்கோர்ஸ் ஸ்டார்ட்டர் தீம் 2012-ல இருந்து இருக்கு, கிளாசிக் வேர்ட்பிரஸ் முறை, யார் திறந்தாலும் புரியும், ஆனா பிளாக் எடிட்டர் காலத்துக்கு அது கொஞ்சம் பழசா இருக்கு. நான் பெரும்பாலும் பண்றது, சின்ன சைட்டுக்கு வெறும் பிஎச்பி தீம், கூட வேர்ட்பிரஸோட சொந்த ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜ். அது உள்ள வெப்பேக் தான், ஆனா கான்ஃபிக் எழுத வேண்டாம், பில்ட் பண்ணா டிபென்டன்சி லிஸ்ட்டும் வெர்ஷனும் ஒரு குட்டி பிஎச்பி ஃபைலா வந்துடும், ஃபைலைப் பக்கத்துல சேர்க்க என்கியூ பண்றப்ப அதைக் குடுத்தாப் போதும். ஒரு ஸ்கூல், ஒரு கிளினிக், ஒரு கல்யாண மண்டபம், இந்த மாதிரி சைட்டெல்லாம் சிபேனல் ஹோஸ்டிங்ல இருக்கும், நாளைக்கு வேற யாரோ ஒருத்தர் ஃபைல் மேனேஜர்ல திறந்து போன் நம்பரை மாத்தப் போறாரு. அவருக்கு சேஜைக் குடுத்தா பில்ட் ஃபோல்டருக்குள்ள போயி ஹேஷ் பேர் வச்ச மினிஃபை ஃபைலைத் திருத்துவாரு, அடுத்த பில்ட்ல அது காணாம போகும். அது அவர் தப்பு கிடையாது, அவருக்கு அந்த டூலைக் குடுத்தவங்களோட தப்பு.

நியூஸ் போர்ட்டல், யூனிவர்சிட்டி, பல பிராஞ்ச் இருக்கிற கம்பெனி, சொந்தமா டெவலப்பர் வச்சிருக்கவங்க, இவங்களுக்கெல்லாம் யோசிக்காம சேஜ் எடுப்பேன், பெட்ராக்கோட சேர்த்தே எடுப்பேன். லாரவெல் கொஞ்சமாவது தெரிஞ்சிருந்தா ஒரு வாரத்துல கை பழகிடும். தெரியாதவங்க முதல்ல பிளேடு, சர்வீஸ் புரோவைடர் ரெண்டையும் லாரவெல் டாக்ஸ்ல படிச்சுட்டு வாங்க, ஏகார்னோட டாக்ஸ் உங்களுக்கு லாரவெல் தெரியும்னு நினைச்சுட்டுத்தான் பேசும். ஹேண்டோவர் பண்றப்ப ரீட்மீல நோட் வெர்ஷன், பிஎச்பி வெர்ஷன், பில்ட் கமாண்ட், எந்த ஃபோல்டரை ஏத்தணும் எதை ஏத்தக் கூடாது, கேஷ் கிளியர் பண்ற வரிசை, இவ்வளவும் தமிழ்லயே எழுதிக் குடுங்க. கிளையன்ட் ஆபீஸ்ல அடுத்து வர்ற டெவலப்பர் முதல்ல திறக்கப் போறது அந்த ஃபைலைத்தான்.